ஆடப்படாத ஆட்டம்

அன்று மைதானத்துக்கு வந்திருந்தவர்கள்: கோலி சவரிமுத்து. பேக்குகள் கன்னியப்பன், காதர் மொய்தீன். நடு வரிசையில் எபனேசர், தனகோட்டி, மிலிட்டரி சமையல்கட்டிலிருந்து விருந்தாளியாக வந்த குஞ்ஞப்பன். முன் வரிசையில் துளசி, நாராயணன், ராஜாபாதர், தீயணைப்புப் படையிலிருந்து இன்னொரு விருந்தாளி கோதண்டம், நடுவில் ஏழுமலை. ஆகப் பதினொரு பேர். கோட்டுக்கு வெளியே கிளப் செகரட்டரி வேதமாணிக்கமும் லைன்ஸ்மேன் சந்தியாகுவும். எதிரே சேத்துப்பட்டு யூனியன். அவர்களும் பதினொன்று, அவர்களுக்கும் ஒரு லைன்ஸ்மேன். விசில் டிக்ரூஸ் துரையிடம். சந்தியாகு எல்லோரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டார். தலையை ஆட்டி முடிப்பதற்குள் ஓர் ஆள் குறைவதுபோல் தோன்றியது. இரண்டு மாதமாக ஒவ்வோர் ஆட்டத்திலும் இப்படித்தான். மறுபடியும் எண்ணினார். பதினொன்றுதான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஓட்டேரி மார்னிங் ஸ்டாருக்கு லீக்கில் இதுதான் கடைசி ஆட்டம். கெலித்தால் முதல் டிவிஷனில் நிற்கலாம், டிரா ஆனாலும் கீழே இறங்க வேண்டியதுதான். முதல் டிவிஷனில் இருக்கிறவரைக்கும்தான் மில்லில் ஆட்டக்காரர்களுக்குப் பகல் ஷிப்ட். சந்தியாகு கோட்டை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். வலது கையில் மஞ்சள் கொடி, மனைவி ரெஜினாவின் பழைய புடவையில் கிழித்து அவரே ஓரம் அடித்தது. மில்லில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை, ஆனால் யுத்தம் வந்ததிலிருந்து அங்கே எல்லாம் காக்கி, காக்கிக் கொடியைத் தூக்கினால் யார் கண்ணில் படும். மில்லின் மடிப்புப் பகுதியில் அவர் கையால் நாளெல்லாம் காக்கி மடித்துக் காக்கி அடுக்கி, பீஸ் பீஸாக எண்ணிக் கட்டி அனுப்புகிறார். அது சட்டையாகி எந்த ஊரில் எவன் முதுகில் ஏறுகிறதோ. ஒருநாள் ஒரு பீஸை மடிக்கும்போது இது பட்டாளத்தில் இருக்கிற மகன் இன்னாசிக்குத்தான் போகும் என்று ஒரு நினைப்பு வந்து, அந்த ஒன்றை மட்டும் மூலைக்கு மூலை இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தார். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னா சந்தியாகு, ராஜாவுக்கா போவுது?" என்றார். சிரித்து வைத்தார். அப்படிச் சிரித்தது பிறகு வெகுநேரம் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது, பசை காய்ந்ததுபோல. பந்து கோட்டைத் தாண்டியது. கொடியைத் தூக்கி சேத்துப்பட்டுப் பக்கம் காட்டினார். கன்னியப்பன் திரும்பி, "பெரியவரே, அது நம்ம பந்து. கடைசியா அவன் முட்டிலதான் பட்டுது," என்றான். உன் முட்டி, என்று சந்தியாகு மனதுக்குள் சொன்னார். வெளியே சொல்லவில்லை. அவர் சொல்வதெல்லாம் கொடி சொல்லும்.

கிளப்புக்கு ஒரு லைன்ஸ்மேன் என்பது லீக் வழக்கம். மற்ற கிளப்புகளில் சும்மா நிற்கிற ஆள் யாரோ அவன் கையில் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். அவனும் தன் ஆட்களுக்குச் சாதகமாக ஆட்டிக்கொண்டிருப்பான். ரெப்ரியும் அதற்குத் தகுந்தபடி பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார். சந்தியாகு அப்படி இல்லை. நாலு வருஷமாகச் சொந்தப் பிள்ளைகளுக்கு எதிராக அவர் தூக்கிய கொடியைக் கணக்கெடுத்தால் அதிலேயே ஒரு ஷீல்டு கெலித்திருக்கலாம் என்பது கிளப்பில் கேலி. "பெரியவரே, இன்னைக்கு யார் கட்சி?" என்று ஆட்டத்துக்கு முன் ராஜாபாதர் தவறாமல் கேட்பான். அதனால்தான் டிக்ரூஸ் துரை, மார்னிங் ஸ்டார் தாக்குகிற பக்கமே சந்தியாகுவை நிறுத்துவார். வேறு எந்தக் கிளப் ஆளையும் அப்படி நிறுத்த மாட்டார். பந்து கொடுபடுகிற அந்த ஒரு கணத்தில் ஓடுகிற பையன் எங்கே இருந்தான், அவனுக்கும் கோலிக்கும் நடுவே ஓர் ஆள் இருந்தானா, ஆப்சைட் சொல்ல அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. பந்தையும் பார்க்க வேண்டும், பையனையும் பார்க்க வேண்டும். ஆண்டவர் கண்ணை இரண்டாகக் கொடுத்தது இதற்காகத்தான் இருக்கும் என்று சந்தியாகு பலமுறை நினைத்ததுண்டு. மண்ணில் வெறுங்கால்கள் தட்டுகிற சத்தம் வந்தது, மெத்தையைத் தட்டுவதுபோல. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மின்சார வண்டி கிளம்புகிற முனகல். போன வருஷம் குண்டு விழும் என்று ஊரே காலியாகிக் கிடந்தபோது தோண்டிய பதுங்குகுழி மைதானத்தின் ஓரத்தில் இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. பந்து அதில் விழுந்தால் எடுத்து வருவதற்குள் ஆட்டக்காரர்கள் குந்திக்கொண்டு பீடிகூடப் பற்றவைத்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் வானம் கொஞ்சம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தால் வானத்தின் மேல் நடப்பதுபோல் இருந்தது.

ஹாஃப் டைமில் ஏழுமலை சொன்னது மனதில் முள்போல் நின்றது. எலுமிச்சைத் துண்டைக் கடித்துக்கொண்டே சொன்னான். "கீழ போனா நான் ஆளெடுக்கிற எடத்துல போயி பேர் குடுத்துடுவேன். ராத்திரி ஷிப்ட் எவன் பாப்பான்? பட்டாளத்துல வாரத்துக்கு நாலு நாள் கறியாம். பூட்ஸ் சும்மாவே தர்றானாம்." கன்னியப்பன் உடனே, "உன் காலுக்கு பூட்ஸா? உன் காலைப் பாத்தா மாட்டுத் தோலே பயந்து ஓடிடும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை, அவன் போவான். பத்தொன்பது வயசு, சொன்னதைச் செய்துவிடுகிற வயசு. இன்னாசியும் இப்படித்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், "நைனா, பேர் குடுத்துட்டேன்." குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்கிற குரலில். சந்தியாகு அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. என்ன வந்தது என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. சொல்லாக வரவில்லை. இன்றைக்கு ஏழுமலையிடமாவது சொல்லியிருக்கலாம். எலுமிச்சைத் துண்டுகளை எண்ணிக்கொண்டு நின்றுவிட்டார்.

இன்னாசி லீவில் வந்தது ஆனி மாதக் கடைசியில். பத்து நாள். வந்த மறுநாளே, "நைனா, எந்த ஆட்டம் இருக்குது?" என்றான். யுத்தகாலத்து லீக் விதியில் இது ஒரு வசதி: லீவில் வந்த சிப்பாய் எந்தக் கிளப்புக்கும் விருந்தாளியாக ஆடலாம். அந்த வாரம் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியோடு ஆட்டம், அதுவரை யாரிடமும் தோற்காத அணி. முந்தின நாள் சாயங்காலம் இன்னாசி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சந்தியாகு கணுக்காலுக்குப் பட்டித்துணி சுற்றப் பாதத்தைக் கையில் எடுத்தார். கையில் எடுத்ததும் திக்கென்றது. உள்ளங்கால் வெளுத்துப் போயிருந்தது. பூட்ஸுக்குள்ளேயே கிடந்து, பிறந்த குழந்தையின் காலைப்போல் பூஞ்சையாகி, விரல் வைத்தால் அமுங்கியது. கருங்கல் ஜல்லியில் ஓடிய கால் இது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிடா ஆடுவே?" என்றார். "பூட்ஸ் போட்டு ஆடவா?" என்று கேட்டுவிட்டு அவனே, "வேணாம் நைனா, பசங்க சிரிப்பானுங்க," என்றான். படிகாரத் தண்ணீரில் காலை வைத்து, வெகுநேரம் தேய்த்தார். அவன் தூங்கிப்போனான். உட்கார்ந்தபடியே, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. பாதம் அவர் மடியில் இருந்தது. அதன் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கியது. இப்போது கோட்டோரம் நடக்கும்போதும் அந்த இடத்தில் மட்டும் லேசாகச் சூடாக இருப்பதுபோல் இருக்கிறது, வெயில் பட்ட கல்லைப்போல.

அன்று மழை. மழை என்றால் பூட்ஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம், வெறுங்கால் வழுக்கும். பட்டாளத்தார் ஒவ்வொருவரும் ஓர் ஆள் உயரம் கூட. ஆனால் ஈரத்தில் பந்து பாறாங்கல்லாகி அவர்களாலும் உதைக்க முடியவில்லை. கடைசி நேரத்தில் எபனேசர் நடுவிலிருந்து ஒரு பந்து தூக்கினான். எபனேசரின் கால் பந்தில் பட்டபோது இன்னாசி கடைசி பேக்குக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி, சரியான இடத்தில்தான் இருந்தான். ஒரு சாண். சந்தியாகு தன் வாழ்நாளில் எதையும் அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. மழைத் துளிகூட அந்தரத்தில் நின்றுகொண்டிருந்ததுபோல், பேக்கின் முழங்கால் மேல் சேறு, இன்னாசியின் வலது தோள், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். கொடியைத் தூக்கவில்லை. தூக்காத கொடியும் சொன்னது. பிறகு எல்லாம் ஓடியது: இன்னாசி வழுக்கினான், வழுக்கியபடியே இடது காலால் தட்டினான், பந்து கோலியின் கைக்கடியில் மெல்லப் போனது, அவசரமே இல்லாமல், வீட்டுக்குள் நுழைகிற பூனையைப்போல. அந்தச் செம்பட்டை முடிக் கோலி சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தான். எழுந்து வந்து இன்னாசியின் கையைக் குலுக்கினான். ஒன்றுக்கு சைபர். சீசனில் மார்னிங் ஸ்டார் கெலித்த முதல் ஆட்டம். ஆறு நாள் கழித்து இன்னாசி ரயில் ஏறினான். ஆவணி பிறந்ததும் பர்மா எல்லையிலிருந்து ஒரு கார்டு வந்தது, பாதி வரி தணிக்கையில் மை பூசி மறைத்து. பிறகு ஒன்றும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் ரெஜினா அடுப்படியிலிருந்து எழுந்திருக்க மாட்டாள். கரண்டியை மட்டும் கீழே வைப்பாள். மணி தாண்டிப் போனதும் எடுத்துக்கொள்வாள்.

"லைன்! லைன்!" என்று யாரோ கத்தினார்கள். சந்தியாகு திடுக்கிட்டுக் கொடியைத் தூக்கினார். நல்லவேளை, பந்து வெளியேதான் போயிருந்தது. காற்று வாங்கிக்கொண்டு நின்றார். வேதமாணிக்கம் அடுத்த பக்கத்திலிருந்து கையால் நேரம் காட்டினார், இன்னும் பத்து நிமிஷம். வேதமாணிக்கம் நல்லவர். லீக்கிலிருந்து வந்த அறிவிப்பையும் அவர்தான் மென்மையாகப் படித்தார், டீக்கடை வாசலில், எல்லோரையும் நிற்கவைத்து. பட்டாளத்து அணி ஊரை விட்டுப் போய்விட்டபடியால் அந்த அணியோடு நடந்த ஆட்டங்கள் அனைத்தும் ஆடப்படாதவையாகக் கருதப்படும். பட்டாளத்தார் ஒரே நாளில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், சொல்லாமல், எங்கே என்று தெரியாமல். அவர்களிடம் தோற்றிருந்த கிளப்புகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சந்தோஷம்கூட. அவர்களைக் கெலித்த ஒரே கிளப்புக்கு இரண்டு பாயிண்ட் போயிற்று. "ஆடினோமே," என்றார் சந்தியாகு. அவர் கூட்டத்தில் பேசுவது அபூர்வம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆடினோம் அண்ணே," என்றார் வேதமாணிக்கம். "ஆனா ஆடலன்னு வச்சுக்கணும்." வச்சுக்கணும். எங்கே வைத்துக்கொள்வது? மழை பெய்ததா இல்லையா? எபனேசர் முட்டியில் அன்று கிழிந்த காயம் இன்னும் தழும்பாக இருக்கிறதே, அது எந்த ஆட்டத்தில் பட்டது என்று வைத்துக்கொள்வது? அந்தக் கோலி கை குலுக்கினானே. அந்தச் செம்பட்டை முடிக்காரனும் இந்நேரம் அதே பர்மாக் காட்டில் எங்கேயாவது இருக்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடந்த ஆட்டத்தை ஒரு காகிதத்தில் நடக்கவில்லை என்று ஆக்கிவிட முடிந்தால், ஓர் ஆளை. இந்த இடத்துக்கு வந்ததும் சந்தியாகுவின் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், செக்குமாடு நிற்பதுபோல. நின்று, திரும்பி, மறுபடி மழையிலிருந்து தொடங்கும்.

சட்டைப்பையில் பொடி டப்பி இருந்தது. அவர் பொடி போடுவதில்லை, டப்பியில் புளியங்கொட்டை. சீசன் தொடங்கும்போது டப்பி காலி, மார்னிங் ஸ்டார் போடுகிற ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கொட்டை. இடது பையில் கொஞ்சம் உதிரி இருக்கும், தேவைப்படும்போது எடுத்துப் போட. நடக்கும்போது டப்பி சலசலக்கும், பையன்கள் அதைக் கேட்டே, "பெரியவர் ரொம்பச் சத்தமா வர்றாரே, நாம நல்லா ஆடறோம்போல," என்பார்கள். அறிவிப்பு வந்த அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் டப்பியைத் திறந்து, சரி, ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான் என்று கையை விட்டார். எது இன்னாசியின் கோல்? எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே பளபளப்பு. ஒன்றை எடுத்தார், இது ராஜாபாதர் தலையால் போட்டதாக இருந்தால்? வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். தெரியாத ஒன்றை எப்படி எடுத்து எறிவது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மூடிவிட்டார். அன்றிலிருந்து லீக் கணக்கில் ஒன்று குறைவு, டப்பியில் ஒன்று கூட. இன்று காலை எண்ணியபோதும் அப்படித்தான்: லீக்குக்கு எட்டு, டப்பியில் ஒன்பது.

வெயில் தணிந்து புல் நிறம் மாறியிருந்தது. மின்சார வண்டி ஒன்று நிற்க வந்து, பிரேக் கீச்சிட்டது. அன்று இன்னாசி வழுக்கிய இடம் எது என்று சந்தியாகு தேடினார். கார்னர் கொடிக்கு இந்தப் பக்கம், பெனால்டி பெட்டிக் கோட்டுக்குள் கொஞ்சம். அன்று இங்கே குதிகால் இழுத்துக் கோடு ஒன்று விழுந்திருந்தது, ஒரு முழத்துக்கு. தண்ணீர் அதில் ஓடி நின்றது. அதற்கப்புறம் எத்தனை மழை, எத்தனை கால். இருந்தும் அந்த இடத்தில் புல் கொஞ்சம் பிரிந்து கிடந்ததுபோல் இருந்தது, வகிடு எடுத்த தலைபோல. வகிடு எடுத்துவிட்டால் இன்னாசி உடனே கலைத்துக்கொள்வான், சின்ன வயசில். ரெஜினா மறுபடி சீவுவாள். மறுபடி கலைப்பான். அந்தப் பிரிந்த புல்லின் மேல் நிழல் ஒன்று ஓடியது. நீளமான நிழல், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து ஓடுகிற நிழல், இன்னாசி அப்படித்தான் சாய்வான். உள்ளங்கால் வெள்ளையாக மேலே வந்து போனது. வந்துட்டியாடா, என்று சந்தியாகு நினைத்தார். நினைத்தாரா, சொன்னாரா. நெஞ்சுக்குள் ஏதோ மெத்தென்று இறங்கியது. சாக்கைக் கட்டிய கோல் வலை உப்பியது. அப்புறம்தான் சத்தம் கேட்டது.

கோல். ஏழுமலை கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். துளசியும் நாராயணனும் அவன் முதுகில் ஏறினார்கள். சேத்துப்பட்டு பேக்குகள் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "ஆப்சைட்! ஆப்சைட் துரை!" டிக்ரூஸ் துரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு சந்தியாகுவைத் திரும்பிப் பார்த்தார். சந்தியாகு தன் கையைப் பார்த்தார். கொடி தொடையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எபனேசரா உதைத்தான், குஞ்ஞப்பனா? உதைத்தபோது ஏழுமலை எங்கே இருந்தான்? யோசித்துப் பார்த்தார், அந்த இடத்தில் புல்தான் இருந்தது, பிரிந்த புல். மனசில் எவ்வளவு கையைவிட்டுத் துழாவினாலும் வேறு ஒன்றும் அகப்படவில்லை. நாலு வருஷத்தில் முதல்தடவையாக அவர் பார்க்கவில்லை.

"பெரியவரைக் கேளுங்க துரை," என்றான் சேத்துப்பட்டு கேப்டன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னான். "அவர் கோல்னு சொன்னா கோல். நாங்க ஒத்துக்கறோம்."

டிக்ரூஸ் துரை கோட்டருகே வந்தார். பின்னால் இரண்டு அணியும் வந்தது. "சொல்லு சந்தியாகு. ஆப்சைடா?"

ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தான். உதட்டோரத்தில் எலுமிச்சையின் சின்ன நார் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. இவன் பகல் ஷிப்டில் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை கோயில் தெருவில் ஆடிக்கொண்டிருப்பான், உள்ளங்கால் காய்ப்புக் காய்த்தபடியே இருக்கும். யாரும் இந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் திடுக்கிட வேண்டியதில்லை. ஒரு வார்த்தை. அதுவும் பொய் என்று யாருக்குத் தெரியும், உண்மையாகவேகூட இருக்கலாம். ஆனால் அன்று அந்த ஒரு சாண் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணும் இதுதான். இன்றைக்குப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால், அன்றைக்குப் பார்த்ததும் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். அதற்கு அப்புறம் அந்த ஆட்டம் நடந்தது என்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது.

"நான் பாக்கல, துரை," என்றார்.

"பாக்கலன்னா?"

"வேற எங்கியோ பாத்துட்டிருந்தேன். எனக்குத் தெரியல."

கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். தவளை கத்தியது. டிக்ரூஸ் துரை சந்தியாகுவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, ஒரு பழைய வேடிக்கையைப் புரிந்துகொண்டவர்போல. "நாலு சீசனா உன்னைப் பாக்கறேன் மேன். உன் பசங்க மேல ஒரு விரல் ஆப்சைட் இருந்தாலும் உன் கொடி தானா மேல போகும். போகல. உன் கட்சிக்குக் கோல்னு சொல்ல உனக்கு வெக்கம், அவ்வளவுதான்." திரும்பி விசிலை ஊதி, நடுக்கோட்டைக் காட்டினார். "கொடி இல்ல. கோல்."

"இல்ல துரை," என்று சந்தியாகு ஆரம்பித்தார். அதற்குள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். சேத்துப்பட்டு கேப்டன்கூடத் தலையை ஆட்டிக்கொண்டே போனான்; பெரியவர் கொடி தூக்கவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று தன் பேக்கிடம் சொல்லிக்கொண்டு போனான். மீதி நிமிஷங்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. சந்தியாகு பந்தையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார், இமைக்காமல், கண்ணில் நீர் வரும்வரை. ஒன்றும் நடக்கவில்லை. விசில் நீளமாக ஒலித்தது.

இருட்டு விழுந்துகொண்டிருந்தது. பாதி கண்ணாடி கருப்பு பூசிய விளக்கோடு ஒரு டிராம் வளைந்து போயிற்று. ஏழுமலை பட்டித்துணியைக் கழற்றிச் சுருட்டியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாதம் சேறு. காய்ப்பு ஏறி, வெடித்துக் கறுத்த பாதம். சந்தியாகு அதையே பார்த்தார்.

"பெரியவரே, நெஜமாலுமே பாக்கலயா?"

"பாக்கல."

"நான் ஆப்சைடா இருந்தேனா?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியல," என்று ஏழுமலை சிரித்தான். "பந்து வந்துச்சு, ஓடினேன்."

"பேர் குடுக்கப் போவாத," என்றார் சந்தியாகு. ஏழுமலை சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். "பகல் ஷிப்ட் இருக்கறப்ப யார் போவா," என்றான் மெதுவாக. எழுந்து, சுருட்டிய துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வேதமாணிக்கம் லீக்குக்கு அனுப்ப வேண்டிய கணக்கை வாயால் கூட்டிக்கொண்டே வந்தார். "அண்ணே, சீசன்ல நம்ம கோல் இன்னைக்கோட ஒன்பதுதானே? உங்க டப்பியில எத்தனை?"

"ஒன்பது," என்றார் சந்தியாகு.

"அப்ப சரியா இருக்குது," என்று வேதமாணிக்கம் திருப்தியோடு நகர்ந்தார். லீக்கின் ஒன்பதில் ஏழுமலையின் கோல் இருந்தது, இன்னாசியின் கோல் இல்லை. இடது பையில் சந்தியாகுவின் விரல்கள் ஏழுமலையின் கோலுக்காக ஓர் உதிரிக் கொட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெகுநேரமாகப் பிடித்திருந்ததால் அது சூடாகியிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார். எல்லோரும் போகக் காத்திருந்து, டப்பியைத் திறந்து, வெளிச்சம் போதாததால் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது இருந்தது.